சிற்றலை வானொலியின் 31 மீட்டர் பேண்டுக்கு 15 மீட்டர் கம்பி கட்டாயமா?

மொட்டைமாடி:
"31 மீட்டர் பேண்ட் (9.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகள்) கேட்க 15 மீட்டர் டைபோல் (நடுவில் வெட்டிக் கேபிள் இணைத்த கம்பி ஆண்டெனா) வேண்டும். அதற்கு இடம் இல்லாதவர் சிற்றலையை மறந்துவிடலாம்" என்று அரைஅலை ஐயா நேற்று ஒரு புதியவருக்குப் பதில் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. என் வீட்டு மாடியின் நீளமே 9 மீட்டர்தான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை ஒற்றைச் செம்புக் கம்பி கட்டி ஆறு ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். ஆசையோடு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதா?

அரைஅலை:
யாரையும் திருப்பி அனுப்பவில்லை, கணக்கைச் சொன்னேன். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 9.5 மெகாஹெர்ட்ஸுக்கு 15 மீட்டர். நடுவில் வெட்டி 75 ஓம் டிவி கேபிளை இணைத்தால் கம்பிக்கும் கேபிளுக்கும் இடையே மின் பொருத்தமும் அமைந்துவிடும். உங்கள் கம்பிக்கு என்ன கணக்கு?

மொட்டைமாடி:
அந்தப் பொருத்தம் ஒலிபரப்புகிறவருக்கு உயிர். கேட்பவருக்கு அவ்வளவு இல்லை. சிற்றலையில் வானத்து இரைச்சலும் தெரு இரைச்சலும் வானொலிப் பெட்டியின் சொந்த இரைச்சலைவிடப் பெரியவை. கம்பி சற்றுக் குட்டையானால் நிலையத்தோடு இரைச்சலும் சேர்ந்தே குறையும். காதுக்கு என்ன நட்டம்?

அரைஅலை:
1978 முதல் கேட்கிறேன். 15 மீட்டர் என்றால் 15 மீட்டர்தான்.

காவேரிக்கரை:
நீளத்தை விடுங்கள். நான் 20 மீட்டர் கட்டினேன். எல்.இ.டி. விளக்கையும் மின்விசிறி ரெகுலேட்டரையும் போட்டதும் ஒரே கரகரப்பு. மெயின் சுவிட்சை அணைத்து பேட்டரியில் கேட்டால் அத்தனை தெளிவு! கம்பியைச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டி, தண்ணீர்க் குழாயில் எர்த் கொடுத்த பிறகுதான் நிம்மதி.

மொட்டைமாடி:
தண்ணீர்க் குழாயிலா? இன்று பாதி வீடுகளில் பி.வி.சி. குழாய். பிளாஸ்டிக்கில் எர்த் எப்படி வரும்?

காவேரிக்கரை:
எங்கள் வீட்டுக் குழாய் இரும்பு. கேட்காமலே தீர்ப்பு எழுதுவது உங்கள் வழக்கம். போன ஆண்டு லூப் ஆண்டெனாவை (வளையமாகக் கட்டும் ஆண்டெனா) விளையாட்டுப் பொருள் என்றவரும் நீங்கள்தான்.

மொட்டைமாடி:
அப்படி நான் சொல்லவில்லை. கடையில் கேட்கும் விலைக்குத் தகாது என்றேன்.

அரைஅலை:
கரகரப்பு வருவது டைபோல் கட்டாததால். 15 மீட்டர் கட்டி, மாடியின் நடுவில் உயர்த்தி, கேபிளைக் கீழே இறக்கியிருந்தால் ரெகுலேட்டரைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்காது. என் வீட்டில் 49 மீட்டர் பேண்ட்கூட அதிலேயே கணீரென்று கேட்கிறது.

மொட்டைமாடி:
இதை நீங்களே எழுதியதற்கு நன்றி. 49 மீட்டர் பேண்ட் 6 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. உங்கள் கணக்குப்படி அதற்கு ஏறத்தாழ 24 மீட்டர் வேண்டும். உங்களிடம் இருப்பது 15. அரை அலை இல்லாமலே கேட்கிறது என்றுதானே பொருள்?

அரைஅலை:
தம்பி, என் சொல்லை என்மேலேயே திருப்பாதீர்கள். பேச்சு 31 மீட்டரைப் பற்றி. அதற்கு 15.

காவேரிக்கரை:
புதியவருக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கையடக்கப் பெட்டியானால் அளவுக்கு மீறி நீளமான கம்பியைச் செருகாதீர்கள். பெட்டி திணறி, ஒரே நிலையம் பத்து இடங்களில் கேட்கும். இடி இடிக்கும் முன்பே கம்பியைக் கழற்றி வெளியே விட்டுவிடுங்கள். எர்த் இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

அரைஅலை:
எர்த்தைப் பற்றி யார் கேட்டார்கள்? நீளத்துக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள்தான் குழாய்க்கும் இடிக்கும் ஓடுகிறார்கள்.

காவேரிக்கரை:
உயிரைக் காக்கும் பேச்சு உங்களுக்கு ஓட்டமாகத் தெரிகிறதா? இனி உங்கள் கேள்வி எதற்கும் நான் பதில் எழுதப்போவதில்லை.

புதியவர்:
ஐயா, நேற்று கேட்டவன் நான்தான். எங்கள் மாடி 11 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார்.

மொட்டைமாடி:
11 மீட்டரே போதும். துணி காயப்போடும் கம்பங்களில் நைலான் கயிற்றால் கட்டுங்கள், ஆணி வேண்டாம். இன்று இரவே கேட்கலாம்.

அரைஅலை:
அவசரப்படாதீர்கள் தம்பி. மூலைக்கு மூலை அளந்தால் 13.6 மீட்டர் வரும். மீதி 1.4 மீட்டரை இரு முனைகளிலும் பாதிப் பாதியாகத் தொங்கவிடுங்கள். 15 ஆகிவிடும்.

மொட்டைமாடி:
11 போதும் என்றேன்.

அரைஅலை:
15.