மூலம் எண்டு வாறதெல்லாம் மூலமில்லை

தாதி, வவுனியா

"எனக்கு மூலம்" எண்டு வாறவையிட்ட நான் முதல்ல கேக்கிறது, நோகுதா, எப்ப நோகுது எண்டுதான். மலவாசலுக்கு உள்ளுக்கு ரெண்டு சென்ரிமீற்றர் அளவில ஒரு கோடு இருக்கு. அதுக்கு மேல நோவுணர்ச்சி இல்லாத மாதிரி, கீழ ஊசி பட்டாலே துடிக்கும். உள்மூலம் கோட்டுக்கு மேல வாறதால நோகாமல் இரத்தம் மட்டும் சொட்டும், கக்கூசுக் கோப்பையில பளிச்செண்ட சிவப்பாத் தெரியும்.

கண்ணாடியால கீறின மாதிரி மலம் போகேக்க நொந்து, பிறகும் மணிக்கணக்கா எரிஞ்சால் அது வெடிப்பு. கூடுதலா முதுகுப் பக்கத்து நடுக்கோட்டில வரும். ஒரே இரவில திராட்சைப்பழம் மாதிரி நீலமா வீங்கி, இருக்கவே முடியாட்டி வெளிமூலத்துக்குள்ள இரத்தம் உறைஞ்சிருக்கு. பக்கத்தில ஒரு துவாரம், அதால சீழும் ஈரமும் கசிஞ்சு உடுப்பில கறை பட்டால் பவுத்திரம். இந்த நாலுக்கும் வைத்தியம் வேற வேற. வெட்கத்தில ஆருக்கும் காட்டாமல் கடையில "மூலத்துக்கு மருந்து" எண்டு கேட்டு வாங்கிப் பூசினால் மாதங்கள் வீணாப் போகும்.

மருந்தாளர், கிளிநொச்சி

அக்கா சொன்னதை நாங்கள் கவுண்டரில ஒவ்வொரு நாளும் பாக்கிறம். ஸ்டீரொயிட் கலந்த களிம்பை ஏழு நாளுக்கு மேல பூசக்கூடாது. தோல் மெலிஞ்சு, கடி கூடி, பிறகு அந்தக் கடிக்கும் அதையே பூசுவினம்.

இசப்கோல் எண்டது மலத்தை இளக்கிற நார்த்தூள். அதில ஒரு பக்கற்றை ஒரு கிளாஸ் தண்ணியில கலந்து, தடிக்க முதலே குடிச்சு, மேல இன்னொரு கிளாஸ் தண்ணி குடிக்க வேணும். வெயிலுக்க வயலில நிண்டு தண்ணி குடியாதவைக்கு அது உள்ளுக்க இறுகி, இருந்த மலச்சிக்கலைக் கூட்டிவிடும். படுக்கப் போற நேரத்தில எடுக்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு 25 தொடக்கம் 30 கிராம் நார் வேணும். 100 கிராம் குரக்கன்மாவில சுமார் 11 கிராம் இருக்கு, தீட்டின வெள்ளையரிசியில 3 கிராம் கூட வராது. ஆனால் ஒரேயடியாக் கூட்டினால் வயிறு ஊதும், கிழமைக்குக் கிழமை கூட்டுங்கோ. கக்கூசில குந்திக்கொண்டு போன் பாக்கிறதை விடுங்கோ. ஐந்து நிமிசத்தில வராட்டி எழும்பி, பிறகு போங்கோ.

வெடிப்புக்கு வேற மருந்து. மலவாசலின்ர உள்வளையத் தசை இறுகி இரத்த ஓட்டம் குறையிறதாலதான் அது ஆறாமல் கிடக்கு. தசையைத் தளத்தினால்தான் புண் மூடும். 2 சதவீத டில்தியாசெம் களிம்பைப் பயறளவு, நாளுக்கு ரெண்டு தரம், ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை பூச வேணும். நோவு பத்து நாளில குறைஞ்சதும் நிப்பாட்டுறதாலதான் அநேகமாத் திரும்பி வருது. நைட்ரோகிளிசரின் களிம்பு எண்டால் தலையிடி வரும். விரலுக்கு உறை போட்டுப் பூசுங்கோ. சில்டெனாபில் (வயாகரா) குளிசை பாவிக்கிறவை இந்த நைட்ரோகிளிசரினைத் தொடவே கூடாது, பிரஷர் விழுந்துபோகும். வெட்கப்படாமல் முதலே சொல்லிப்போடுங்கோ.

சத்திரசிகிச்சைக் கூடம், வவுனியா

உள்மூலத்துக்கு நாலு படி. முதலாம் படி வெளியில வராது. ரெண்டாம் படி வந்து தானாப் போகும். மூண்டாம் படியை விரலால தள்ளவேணும். நாலாம் படி தள்ளினாலும் போகாது. ரெண்டாம் படிக்கும், மூண்டாம் படியில கனபேருக்கும் கத்தி தேவையில்லை, றப்பர் வளையம் போதும். பரோன் எண்ட சத்திரசிகிச்சை வைத்தியர் 1963 இல இதை இலகுவாக்கினார். குழாய் விட்டு, மூலத்தின்ர அடியைக் கோட்டுக்கு மேல பிடிச்சு, வளையத்தை மாட்டுறது. மயக்கம் வேண்டாம். மாட்டின உடன சுளீரெண்டு நொந்தால் வளையம் கீழ விழுந்திருக்கு. "பொறுக்கிறன்" எண்டு சொல்லிப் படுத்திருக்காமல் அப்பவே சொல்லுங்கோ, வெட்டி எடுக்கலாம். ஐந்து தொடக்கம் பத்து நாளில சதையோட சேர்ந்து கழண்டு விழும், அப்ப கொஞ்சம் இரத்தம் வரும். காய்ச்சல், கூடிக்கொண்டு போற நோவு, சலம் போகாமை மூண்டும் சேர்ந்தால் இடுப்புக்குள்ள கிருமி. அது அரிது, ஆனால் உயிரை எடுக்கும், இரவெண்டாலும் வரவேணும்.

வெட்டுற முறையில மில்லிகன், மோர்கன் எண்ட சத்திரசிகிச்சை வைத்தியர் ரெண்டு பேரும் 1937 இல எழுதினதுதான் இண்டைக்கும் அடிப்படை. மணிக்கூட்டு முகத்தில 3, 7, 11 எண்ட இடங்களில இருக்கிறதை எடுத்து, இடையில தோல் பாலங்களை விட்டுவிடுவினம். பாலம் விடாமல் சுத்தவர எடுத்தால் வாசல் சுருங்கிப்போகும். கார மருந்து வைச்சு "கருக்கி விழுத்துறவை"யிட்டப் போய் வந்தவையிலும் இதே சுருக்கத்தைத்தான் காணுறம். தயவுசெய்து அங்க போகாதேங்கோ.

புண் ஆற நாலு தொடக்கம் ஆறு கிழமை. முதல் மலம்தான் பெரிய பயம். அதைத் தள்ளிப்போட்டால் கட்டியாகி இன்னும் கிழிக்கும். மலத்தை இளக்கிற லக்ரியுலோஸ் பாணியை நிப்பாட்டாமல் குடிச்சு, இளஞ்சூட்டுத் தண்ணிப் பேசினில 10 - 15 நிமிசம் இருங்கோ. உப்போ டெற்றோலோ வேண்டாம். கோடீன் கலந்த நோக்குளிசை மலத்தை இறுக்கும். ஏழாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில இரத்தம் பெருக்கெடுக்கலாம், அதால காலபோக வெட்டுக்கு ஒரு கிழமை முந்தித் திகதி எடுக்காதேங்கோ. அந்த நாளுகளில லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில இருக்கிறது, நெல்லுமூட்டை தூக்கிறது ரெண்டும் கூடாது. துணி துணியா நனைஞ்சால் 1990 க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம்.

முல்லைத்தீவிலிருந்து, வெளிநோயாளர் பிரிவு

பவுத்திரத்தைப் பற்றி ஒண்டு. அது அநேகமாச் சீழ்க்கட்டியில தொடங்கும். கட்டியை அன்ரிபயோட்டிக்கால மட்டும் அமத்தப் பாக்கிறது பிழை, கீறிச் சீழை எடுக்கவேணும். சீனி வருத்தக்காரர் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. பவுத்திரம் தசைக்கு மேலோட்டமாப் போனால் திறந்துவிடலாம். தசையை ஆழமா ஊடறுத்தால் திறக்கிறதில்லை, மலத்தை அடக்கிற சக்தி போயிடும். அப்ப நூல் போட்டு வடியவிடுவினம், மாதக்கணக்கில இருக்கும். நூல் கிடக்குதெண்டு நீங்களாக இழுத்து எடுக்காதேங்கோ.

தாதி, வவுனியா

இன்னொண்டு. நாப்பது தாண்டினவைக்குப் புதுசா இரத்தம் போனால், மூலம் கண்ணுக்குத் தெரிஞ்சாலும் குடலை உள்ளுக்குப் பாக்கவேணும். மலம் போற வழமை மாறினால், மெலிஞ்சால், இரத்தம் மலத்தோட கலந்து வந்தால் வயசைப் பாக்காதேங்கோ. மூலமும் குடல் புற்றும் ஒரே ஆளில இருக்கலாம். தார் மாதிரிக் கறுப்பா ஒட்டிக்கொண்டு போறது மூலத்தால வராது. இரும்புக் குளிசையாலும் கறுக்கும், அதால குடிக்கிற குளிசை அட்டையள் எல்லாத்தையும் கிளினிக்குக்குக் கொண்டு வாங்கோ. இரத்தம் உறையிறதைக் குறைக்கிற அஸ்பிரினோ வார்பரினோ இருந்தால் வளையம் போட முதலே எங்களுக்குத் தெரியவேணும்.