பெரியவர்களுக்கான மறைக்கல்வி: பொறுப்பாளராக யாரைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி (பங்குப் பேரவைச் செயலர், குடியாத்தம் பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். வேலூர் மறைமாவட்டத்தில், குடியாத்தத்துக்கும் ஆம்பூருக்கும் இடையிலுள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள சமூகத்தில்) பேரவைச் செயலராக இருக்கிறேன். எங்களிடம் 240 குடும்பங்களும் 11 அன்பியங்களும் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுக்கள்) உள்ளன. பிள்ளைகளுக்கான ஞாயிறு மறைக்கல்வி தடையின்றி நடக்கிறது. உறுதிபூசுதல் பெற்ற மறுவாரமே பிள்ளைகள் காணாமற்போவதும் அதேபோலத் தடையின்றி நடக்கிறது. பெரியவர்களுக்கென்று இருப்பது ஞாயிறு மறையுரையும் தவக்காலத் தியானமும் மட்டுமே.

சில மாதங்களுக்கு முன் ஓர் அன்பியக் கூட்டத்தில், பக்கத்து வீட்டிலிருக்கும் செபவீட்டுக்காரர் (பெந்தெகொஸ்தே போன்ற சபையைச் சேர்ந்தவர்) தன்னிடம், "நீங்கள் ஏன் மாதாவிடம் மன்றாடுகிறீர்கள்? பைபிளில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டதாகவும், தனக்கு ஒரு பதிலும் தோன்றாமல் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டதாகவும் ஓர் அம்மா சொன்னார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அங்கிருந்த எவராலும் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை சொல்ல முடியவில்லை என்பது சிரிப்பு அடங்கியதும் உறைத்தது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற சீர்திருத்தச் சபை) குடும்பத்தில் மகளைக் கட்டிக்கொடுத்த இன்னொருவர், அங்கே மகள் நற்கருணை வாங்கலாமா என்று கேட்டார். அதற்கும் நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம்.

இதைக் கேள்விப்பட்ட பங்குத்தந்தை, வரும் திருவருகைக்காலத்தில் (கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு வாரங்களில்) பெரியோர் மறைக்கல்வியைத் தொடங்கலாம் என்றும், அதற்குப் பொறுப்பாளர் ஒருவரைப் பேரவை பரிந்துரைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். மூவர் பெயர்கள் பேச்சில் இருக்கின்றன. ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விவிலியத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தவக்காலத்தில் அவர் எடுத்த வகுப்புக்கு முதல் வாரம் 42 பேர் வந்தார்கள், நான்காம் வாரம் 9 பேர். இரண்டாமவர் காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் பெண். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர், ஓர் அன்பியத்தின் தலைவி. மூன்றாமவர் கன்னியர் மடத்தைச் சேர்ந்த அருட்சகோதரி. முறையான பயிற்சி பெற்றவர், ஆனால் அவருக்கு எப்போது மாற்றல் வரும் என்று அவருக்கே தெரியாது.

பேரவையில் சிலர், பொதுக்கூட்டம் கூட்டிக் கையுயர்த்தச் சொல்லிவிடலாம் என்கிறார்கள். அது சரியான வழியா? எந்தத் தகுதியை முதலில் பார்க்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாயிருப்பேன்.

மறுமொழி 1 (மறைக்கல்விப் பயிற்சியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர், திருப்பத்தூர்)

தேர்தல் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 776-ஆவது சட்டம், பெரியவர்கள், இளையோர், சிறுவர் ஆகிய அனைவருக்கும் மறைக்கல்வி கிடைக்கச் செய்யும் கடமையைப் பங்குத்தந்தையின் மேல்தான் வைக்கிறது. அதற்குத் துறவியரின் உதவியையும் பொதுநிலையினரின் உதவியையும், குறிப்பாக வேதியர்களின் (மறைக்கல்வி கற்பிப்பவர்களின்) உதவியையும் அவர் நாட வேண்டும் என்றும் சொல்கிறது. பேரவைக்கு உள்ளது ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே என்பது 536-ஆவது சட்டம். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது வாக்கெடுப்பு அன்று. காரணம் காட்டி ஒருவரையோ இருவரையோ பரிந்துரைப்பதுதான். மேலும், நம் ஊர்களில் கையுயர்த்தும் கூட்டம் என்றால் எந்தத் தெரு, எந்த வகையறா என்ற கணக்கு எப்படியும் உள்ளே வந்துவிடும். தோற்றவரின் உறவினர் ஒருவர்கூட வகுப்புக்கு வரமாட்டார்கள்.

நீங்கள் பிள்ளைகளின் வகுப்பை இயல்பானதாகவும் பெரியவர்களின் வகுப்பைக் கூடுதல் ஏற்பாடாகவும் நினைப்பது உங்கள் எழுத்தில் தெரிகிறது. பெரும்பாலான பங்குகளில் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் 1971-இல் உரோமையிலிருந்து வெளியான பொது மறைக்கல்வி வழிகாட்டி, பெரியவர்களுக்கான மறைக்கல்வியையே தலையாய வடிவம் என்றது. 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதையே மீண்டும் வலியுறுத்தினார். காரணம் எளிது. முழுப் பொறுப்போடு விசுவாசத்தை ஏற்று வாழக்கூடியவர்கள் பெரியவர்கள்தான். எட்டு வயதில் மனப்பாடம் செய்த பதிலை வைத்துக்கொண்டு, ஐம்பது வயதில் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் எப்படி நிற்பாள்?

இப்போது உங்கள் தலைமையாசிரியரின் 42 பேர் 9 ஆன கதைக்கு வருகிறேன், ஏனென்றால் விடை அதில்தான் இருக்கிறது. அவருக்கு அறிவு குறைவு என்பதால் மக்கள் விலகவில்லை. நாள் முழுதும் மேற்பார்வையாளரிடம் பேச்சுக் கேட்டுவிட்டு வந்தவர்களை மறுபடியும் பெஞ்சில் உட்காரவைத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை "புரிந்ததா?" என்று கேட்டால், அவர்கள் தலையாட்டுவார்கள், அடுத்த வாரம் வரமாட்டார்கள். இதை நான் பல பங்குகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் தொடக்க காலத்தில் நானே செய்தும் இருக்கிறேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது ஒரு பெரியவர், "சார், நீங்கள் நன்றாகப் பேசினீர்கள். நான் கேட்க வந்ததைத்தான் கேட்க முடியவில்லை" என்றார். அவர் கேட்க வந்தது, தற்கொலை செய்துகொண்ட தம்பிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா என்பது. நான் அன்று பேசியது பழைய ஏற்பாட்டு உடன்படிக்கைகளைப் பற்றி.

ஆகவே முதலில் பார்க்க வேண்டிய தகுதி, இவர் முன்னிலையில் மற்றவர்கள் வாய் திறந்து கேள்வி கேட்பார்களா என்பதே. உயிர்த்தெழுந்த இயேசு, எம்மாவு ஊருக்கு நடந்துபோன இரு சீடரிடம் முதலில் செய்தது, என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டது. மறைநூல் விளக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டாவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை விடையோடு வருபவரா என்று பாருங்கள். மூன்றாவது, கோயிலுக்கு வராதவர்களின் வீட்டுக்குள் இவரால் தயக்கமின்றிப் போய் உட்கார முடியுமா என்று பாருங்கள். பட்டம், சான்றிதழ் ஆகியவற்றை நான் பின்னால் வைப்பதற்குக் காரணம், அவற்றைப் பிறகும் பெற்றுக்கொள்ளலாம் என்பதுதான். பெங்களூரில் 1967 முதல் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் இயங்குகிறது. வேதியர்களுக்குத் தக்க பயிற்சி கிடைக்கச் செய்வது ஆயரின் கடமை என்று 780-ஆவது சட்டமும் சொல்வதால், மறைமாவட்ட மறைக்கல்விப் பணிக்குழுவிடம் உரிமையோடு கேட்கலாம். கேள்வி கேட்க விடும் குணத்தை எந்தப் பயிற்சி நிலையமும் நாற்பது வயதுக்குமேல் ஒருவருக்கு ஊட்டிவிடுவதை நான் இதுவரை பார்க்கவில்லை.

மறுமொழி 2 (போளூர்)

என் தாத்தா இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உபதேசியாராக இருந்தவர். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. மற்ற நாட்களில் மந்திரம் (செபங்கள்) சொல்லிக்கொடுப்பது, சாகக்கிடப்பவர் அருகில் இருந்து செபிப்பது, சண்டையை விலக்குவது எல்லாம் தாத்தாதான். கழனி வேலை முடிந்து கைகால் கழுவியவர்கள் திண்ணையில் உட்காருவார்கள். அரிக்கேன் விளக்கைத் தாத்தா தமக்கு முன்னால் வைத்துக்கொள்ளாமல் அவர்கள் பக்கம் தள்ளிவைப்பாராம். யார் தூங்குகிறார் என்று பார்ப்பதற்கு என்று பாட்டி கேலியாகச் சொல்வார். அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். உங்கள் அன்பியத் தலைவியைப் பன்னிரண்டாம் வகுப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

மறுமொழி 3 (காட்பாடி)

மேலே சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனால் தராசின் ஒரு தட்டு மட்டும் தாழ்ந்துகொண்டிருப்பதால் மறுதட்டிலும் கொஞ்சம் வைக்கிறேன். செயலர் சொன்ன சி.எஸ்.ஐ. கேள்வியையே எடுத்துக்கொள்வோம். வேலூரில் நம் உறவினர், சக ஊழியர், மருத்துவமனைச் செவிலியர் என்று பாதிப்பேர் சி.எஸ்.ஐ. சபையினராக இருக்கும்போது இது கற்பனைக் கேள்வி அன்று. நல்ல மனமும் கேட்கும் காதும் மட்டும் உடைய ஒருவர், "எல்லாம் ஒரே சாமிதானே, வாங்கிக்கொள்ளம்மா" என்று சொல்லிவிடுவார். இன்னொருவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, அவர்களுடைய திருமுழுக்கே செல்லாது என்பார். இரண்டும் தவறு. தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் முறைப்படி கொடுக்கப்பட்ட திருமுழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது, மீண்டும் கொடுப்பதில்லை. நற்கருணைப் பகிர்வுக்கோ 844-ஆவது சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை விளக்க அறிவு வேண்டும். தவறான விடை ஒரு குடும்பத்தில் புகுந்தால் அதை வெளியே எடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். என் சொந்தக் குடும்பத்திலேயே அப்படி ஒன்று இன்றும் புகைந்துகொண்டிருக்கிறது.

தலைமையாசிரியரை ஒரேயடியாக ஒதுக்குவது நன்றிகெட்ட செயலாகவும் ஆகிவிடும். அவர் மனம் நொந்தால் பங்கில் ஒரு புத்தகசாலையையே பூட்டிவிட்டதாகும்.

மறுமொழி 4 (திருப்பத்தூர், மீண்டும்)

காட்பாடி நண்பர் சொன்னதை ஏற்கிறேன்; நான் எழுதியதில் அந்தப் பகுதி மெலிந்துவிட்டது. ஆனால் பொறுப்பாளரும் பாடம் சொல்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று எங்கும் விதியில்லை. திருத்தூதர் பணிகள் 18-ஆம் அதிகாரத்தில் அப்பொல்லோ நாவன்மை மிக்கவர், மறைநூலில் வல்லவர். அவரை வீட்டுக்கு அழைத்துப்போய்க் கடவுளின் நெறியை இன்னும் துல்லியமாக விளக்கியவர்கள் பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும். அவர்கள் கூடாரம் செய்யும் தொழிலாளர்கள், தோல் பதனிடும் ஊர்க்காரர்களான நமக்கு அந்நியர் அல்லர்.

அந்தப் பெண் பொறுப்பாளராக இருக்கட்டும். தலைமையாசிரியர் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பக்கக் குறிப்பு எழுதித் தரட்டும். மக்கள் கேட்ட கேள்விகள் முந்தைய வாரமே அவர் கைக்குப் போய்விட வேண்டும். அருட்சகோதரி இருக்கும்வரை இருவருக்கும் பயிற்சி தரட்டும். மாற்றல் வந்தாலும் பணி நிற்காது. 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பொதுநிலையினருக்கான வேதியர் திருப்பணியை ஏற்படுத்தினார் என்பதைக் காட்டி, அந்தப் பெண்ணை அப்பணியில் அமர்த்தும் சடங்கை இப்போதே ஆயரிடம் கேட்கலாமா என்று யாராவது கேட்பார்கள். அவசரம் வேண்டாம். அது நிலையான பணி. வகுப்பெடுக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது அன்று. முதலில் மூன்று மாதங்களுக்கு ஓர் அன்பியத்தில் மட்டும் நடத்திப் பாருங்கள். பிறகு பங்குத்தந்தை மூன்று ஆண்டுக் காலத்துக்கு எழுத்து மூலம் நியமிக்கட்டும்.

போக்குவரத்துச் செலவையும் நகல் எடுக்கும் செலவையும் நிதிக்குழு தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். அந்தப் பெண் கைக்காசைப் போட்டு நடத்தும் நிலை வரக் கூடாது.

மறுமொழி 5 (ஆம்பூர்)

நேரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தொழிற்சாலை வேன் ஆட்களை இறக்கிவிடும்போது மணி ஏழு ஆகிவிடும். அதன் பிறகு உலை வைக்க வேண்டும். வார நாள் மாலையில் வகுப்பு வைத்தால் உங்களுக்கு ஓய்வூதியக்காரர்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், வெளியே வேப்பமரத்தடியில் இருசக்கர வண்டிமேல் சாய்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன்மாரை எண்ணிப் பாருங்கள். எங்கள் பங்கில் ஒரு ஞாயிறு நான் எண்ணினேன்: 31 பேர். அவர்களைக் கூப்பிடக்கூடியவர் யாரோ அவரையே போடுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. நேற்றைய பேரவைக் கூட்டத்தில் இவற்றைப் படித்துக்காட்டினேன். கையுயர்த்தும் யோசனையைப் பங்குத்தந்தையே நிறுத்திவிட்டார். "ஒரு பெண்ணிடம் நாம் பாடம் கேட்பதா?" என்ற பேச்சு எழுந்தது, மறைப்பதற்கில்லை. அப்போது தலைமையாசிரியர் எழுந்து, தம் வகுப்பு 9 பேருக்குச் சுருங்கியதன் காரணத்தை இரண்டு ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருந்ததாகவும், குறிப்பு எழுதித் தரத் தாம் ஆயத்தம் என்றும் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

அந்தப் பெண் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மாதச் சோதனைக்கு மட்டும் வருகிறேன் என்றார். ஞாயிறு காலை, பிள்ளைகளின் வகுப்பு நேரத்திலேயே. முதல் பாடம் என்ன என்று பங்குத்தந்தை கேட்டதற்கு, பால் பொங்குகிறது என்று உள்ளே போன அந்த அம்மாவின் வீட்டுக்கு முதலில் போய்வந்து சொல்கிறேன் என்று பதில் வந்தது.