தேயிலை மலையில் வளை தோண்டும் விலங்குகளால் மண்ணுக்கு நன்மை உண்டா?

பண்டாரவளைத் தோட்டக்காரர்:
எங்கள் லயக் குடியிருப்புக்குக் கீழே, மரக்கறித் தோட்டம் முடிந்து பற்றைக்காடு தொடங்கும் இடத்தில் இரண்டு பெரிய வளைகள் தோன்றியுள்ளன. அருகே முள்ளம்பன்றியின் முட்கள் கிடந்தன. உருளைக்கிழங்குப் பாத்தியும் கிளறப்பட்டிருந்தது. கல்லிட்டு அடைத்துவிடும்படி அயலவர்கள் சொல்கிறார்கள். இவ்விலங்குகளால் கேடு மட்டும்தானா?

மலைச்சாரல்:
தம்பி, சற்றுப் பொறுங்கள். பல தலைமுறையாக மிதிபட்டு இறுகிய தேயிலை மண்ணில் மழைநீர் இறங்காமல் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுவதால்தான் நாம் நீரைத் தடுத்து நிறுத்தும் கான் (வாய்க்கால்) வெட்டுகிறோம். கிழங்கு தேடி முள்ளம்பன்றி பறிக்கும் குழிகளும் அந்த வேலையையே சிறிய அளவில் செய்கின்றன. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் இதே இன முள்ளம்பன்றி தோண்டிய குழிகளில் நீரும் சருகும் விதைகளும் தங்கி, சுற்றியுள்ள தரையைவிடச் செடிகள் செழித்து வளர்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஈரமலையில் அது அவ்வளவு துலக்கமாகத் தெரியாமல் போகலாம். ஆனாலும் மண் இளகுவது இளகுவதுதான்.

விவசாய ஆசிரியை:
எனக்கு மண்ணுக்குள்ளேயே வாழும் சிற்றுயிர்களைப் பற்றித்தான் கூடுதல் கவலை. இங்கிலாந்தின் பல பகுதிகளில் மண்புழுக்கள் ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 10 தொன்னுக்கு மேற்பட்ட மண்ணை மேலே கொண்டுவருவதாக 1881இல் டார்வின் எழுதினார். நம் நாட்டு ஈரமண்ணில் இன்னோர் உயிரும் துளைத்து வாழ்கிறது. காலில்லாத, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை கொண்ட, தவளைக்கு உறவான அந்த ஈரூடக உயிரி (சிசிலியன் வகை, Ichthyophis glutinosus) இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. தாய், நிலத்தடி வளையில் தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவலிருக்கும். பாம்பென்று எண்ணி அதனை மண்வெட்டியால் வெட்டிவிடுகிறார்கள். ஒருமுறை என் கண்ணெதிரே அப்படி நடந்ததைத் தடுக்க முடியாமல் போனது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஹட்டன் வாசகர்:
ஆசிரியை சொன்னதை எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். வளையைப் பொறுத்தவரை, இடம் முக்கியம். லயத்துக்கு மேலே செங்குத்தான மண்திட்டில் வளை இருந்தால் அதனூடாக மழைநீர் உள்ளே இறங்கும். அங்கே நிலத்தில் வெடிப்போ புதிய நீரூற்றோ தெரிந்தால் அது மண்சரிவின் அறிகுறியாக இருக்கலாம்; வளையைப் பற்றி யோசிப்பதை விட்டுத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உடனே அறிவியுங்கள். உங்கள் வளைகள் லயத்துக்குக் கீழே பற்றையோரத்தில் இருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, பாத்தியைச் சுற்றி மட்டும் கம்பிவலையை, அடிப்பகுதி மண்ணுக்குள் புதையும்படி அடிக்கலாம். கறையான் புற்றருகே நகக்கீறல்களோடு வேறொரு வளை தென்பட்டால் அது அழுங்கினுடையதாக இருக்கலாம். எறும்பையும் கறையானையும் தின்னும் அந்த விலங்கைப் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

பண்டாரவளைத் தோட்டக்காரர்:
மிக்க நன்றி. கல் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணாவோடு சேர்ந்து கம்பிவலை அடிக்கப் போகிறேன். எவ்வளவு ஆழம் புதைக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.