ஏப்ரல் 15-ல எல்லா மீனும் முட்டை போடுமா? அப்ப மடவை?

கோடியக்கரையான்
சைதை குமார் நேத்து இன்னொரு இழையில எழுதினதை அப்படியே இங்க போடுறேன். அப்புறம் நான் அப்படிச் சொல்லலைன்னு நழுவக் கூடாது. "ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரை கடல்ல எல்லா மீனும் முட்டையிடுற காலம். அதுக்குத்தான் மீன்பிடித் தடை. அந்த நாள்ல கரையில மீன் வாங்குறவங்க அடுத்த வருஷத்து மீனைக் கொல்றாங்க."

எல்லா மீனுமா? யார் எண்ணிப் பார்த்தது? எங்க பக்கம் மடவை சினையோட வர்றது ஐப்பசிக் கடைசியில ஆரம்பிச்சு மார்கழி வரைக்கும். மேற்கேருந்து மழைத் தண்ணி இறங்கி, முகத்துவாரம் மண்ணை அறுத்துக்கிட்டுத் திறந்ததும், உப்பங்கழியில கெடந்த பெரிய மடவை எல்லாம் கும்பல் சேர்ந்து கடலுக்குப் பாயும். வயித்தைக் கீறினா ரெண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு மஞ்சளா சினை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். தை, மாசியில பொடிக் குஞ்சு திரும்பக் கழிக்குள்ள ஏறும். சித்திரையில பிடிக்கிற மடவைக்கு வயிறு ஒட்டிப் போய் இருக்கும். இது எங்க ஊர்ச் சின்னப் பசங்களுக்கே தெரியும். குமார் சார், ஏப்ரல்ல எந்த மடவை முட்டை போட்டதை நீங்க பார்த்தீங்க?

சைதை குமார்
நான் எழுதினது அரசாங்கமே சொல்றது. வருஷா வருஷம் பேப்பர்ல "மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால்"னுதான் போடுறாங்க. 2001-லேருந்து தடை இருக்கு. முதல்ல 45 நாள். 2017-லேருந்து 61 நாள். காரணம் இல்லாமலா நாளைக் கூட்டினாங்க? ஒரு மீனை வச்சுக்கிட்டு மொத்தத் தடையையே கிண்டல் பண்றது பொறுப்பான பேச்சு இல்ல.

கோடியக்கரையான்
நான் தடையைக் கிண்டல் பண்ணலை. நீங்க எழுதின "எல்லா மீனும்"ங்கிறதைக் கேட்குறேன். மடவைக்குப் பதில் வரலை.

நீலக்கரை
நான் மீன்வளம் படிச்சவ, தூத்துக்குடியில. ரெண்டு பேரும் கொஞ்சம் நிதானமா வாங்க. நம்ம வெப்பக் கடல்ல பல மீன் ஒரே மூச்சில முட்டை போடாது. மாசக்கணக்குல, தவணை தவணையா போடும். ஒவ்வொண்ணுக்கும் உச்சம்னு சில மாசம் உண்டு. நீலக்கால் நண்டை எடுத்துக்கோங்க, வருஷம் முழுக்கச் சினையோட கிடைக்கும். அதனால முதல்ல எதைப் பத்திப் பேசுறோம்னு தீர்மானிக்கணும். வயித்துல சினை இருக்கிறதும், முட்டை முத்தி வழியிற நிலையும், முட்டை போட்டு முடிச்சதும் வேற வேற. அண்ணன் சொல்ற "சினை" இதுல எந்த நிலை?

இன்னொண்ணு, தடை விசைப்படகுக்கு. இழுவை மடி தரையை வாரிக்கிட்டுப் போகும். மடவை கழியிலயும் முகத்துவாரத்துலயும் செவுள் வலையிலும் வீச்சு வலையிலும் மாட்டுற மீன். அதுக்கும் இந்தத் தடைக்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை.

கோடியக்கரையான்
மேடம், நீங்க படிச்சவங்க, ஒத்துக்குறேன். ஆனா நிலை ஒண்ணு, நிலை ரெண்டுன்னு பிரிச்சா மீன் மாறிடாது. நான் கேட்டது ஒரே கேள்வி. மடவை ஏப்ரல்ல முட்டை போடுமா, போடாதா? போடாதுன்னா "எல்லா மீனும்"ங்கிறது பொய்.

நீலக்கரை
போடாது. அதை யாரும் மறுக்கலையே. நான் சொல்றது வேற.

கோடியக்கரையான்
போடாதுன்னு படிச்சவங்களே சொல்லிட்டாங்க. குமார் சார் எங்க?

சைதை குமார்
இங்கதான் இருக்கேன். மடவை ஒரு விதிவிலக்கு. பறக்குற மீன் கோலாவைப் பாருங்க. வைகாசி, ஆனியில நாகப்பட்டினம் பக்கம் கோலா மீன் முட்டையிட வருது. அதுல வைகாசி சரியா தடைக்காலம். இதுக்கு என்ன சொல்றீங்க?

கோடியக்கரையான்
கோலாவை எனக்கே சொல்லிக் குடுக்குறீங்களா! எங்க தாத்தா காலத்துல கட்டுமரத்துல தழைக் கட்டு எடுத்துக்கிட்டு ஆழத்துக்குப் போவாங்க. கட்டைக் கயித்துல கட்டி மிதக்க விடுவாங்க. கோலாவோட முட்டையில நூல் மாதிரி இருக்கும், அது எதையாவது பிடிச்சுத்தான் நிக்கும். மிதக்குற இலையைப் பார்த்ததும் கூட்டம் கூட்டமா வந்து அதுல முட்டையை ஒட்டும். வந்த கோலாவைக் கச்சா வலையில அள்ளிப் போட வேண்டியதுதான். மெட்ராஸ் மாகாணத்து மீன்வள இயக்குநரா இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-களிலேயே இதை விவரமா எழுதி வச்சிருக்காரு.

அது மேல்தண்ணியில பறக்குற மீன். இழுவை மடி ஓடுறது தரையில. தடை போட்டு கோலாவை எப்படிக் காப்பாத்துனீங்க? முட்டை போட வர்ற நேரத்துலதான் அதைப் பிடிக்கிறதே. உங்க உதாரணம் உங்க பேச்சையே வெட்டுது சார். மடவைக்கு இன்னும் பதில் இல்ல.

குளச்சல் தம்பி
கோடியக்கரை அண்ணே சொல்றதுல நியாயம் இருக்கு. எங்க குமரி மாவட்டத்துக்கு வந்து பாருங்க. சின்னமுட்டத்துல தடை ஏப்ரல் 15-ல தொடங்கும். குளச்சல்ல, தேங்காப்பட்டணத்துல ஜூன் 1-லேருந்து ஜூலை 31. ஒரே மாவட்டம், ரெண்டு தடை. முனையைச் சுத்தி இந்தப் பக்கம் வந்ததும் மீனு தேதியை மாத்திக்கிடுமோ?

ஆனா ஒண்ணு, எங்க பக்கத்துக்கு ஜூன், ஜூலை சரியாத்தான் இருக்கு. சாளை முட்டை போடுறது தென்மேற்குப் பருவம் அடிக்கும்போதுதான். அப்போ அடியில கெடக்குற குளிர்ந்த தண்ணி மேல ஏறும், கடலே நிறம் மாறும், சாளைக்குத் தீனி பெருகும். மழை விட்டு ஆவணி, புரட்டாசியில பொடிச் சாளை கரை பக்கம் அடுக்கும்.

காசிமேட்டு மணி
தம்பி, அது உங்க கடல். இங்க பங்குனி, சித்திரையில தெண்டி ஓட்டம். தெக்கேருந்து வடக்கால தண்ணி இழுக்கும். ஐப்பசிக்கு மேல வன்னி ஓட்டம், அப்படியே திரும்பிக்கும். தண்ணி திரும்புனா மீனும் திரும்பும். அதைப் பார்த்துதான் எந்தப் பக்கம் வலை போடுறதுன்னு முடிவு பண்றோம். பேப்பர் பார்த்து இல்ல. 61 நாள் படகைக் கட்டிப் போட்டுட்டு, ஆளுங்களுக்கு முன்பணம் குடுத்துட்டு, வலை, இஞ்சின் வேலை பார்த்து முடிக்கிறதுக்குள்ள கடனாளி ஆயிடுறோம். நிவாரணம் 5,000-லேருந்து 8,000 ஆச்சு. சைதாப்பேட்டையில உக்காந்துகிட்டு ரெண்டு மாசத்தை 8,000-ல ஓட்டிக் காட்டுங்க, குமார் சார்.

சைதை குமார்
நிவாரணம் பத்தி நான் பேசவே இல்லை. குறைவுன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா தடை இல்லாம விட்டா மீன் எங்கேருந்து வரும்? கேரளாவுல மத்திக்கு, அதான் தம்பி சொன்ன சாளைக்கு, என்ன ஆச்சுன்னு தெரியும்ல? 2012-ல சுமார் 3.9 லட்சம் டன். 2021-ல 3,297 டன். கட்டுப்பாடு இல்லாததோட விளைவு.

கோடியக்கரையான்
கட்டுப்பாடு இல்லாததா? கேரளாவுல 1988-லேருந்து மழைக்காலத் தடை இருக்கு. நம்மளுக்கு முன்னாடியே தொடங்கினவங்க. தடை இருந்தும் மத்தி விழுந்துச்சு. ஏன்னா தடை இழுவைப் படகுக்கு. மத்தியை அள்ளுறது வளைய வலை போடுற வள்ளம், அதுக்குத் தடை கிடையாது. நீங்க போட்ட கணக்கே நான் சொல்றதைத்தான் சொல்லுது.

நீலக்கரை
இது அரைகுறை வாதம் அண்ணே. மத்தி விழுந்ததுக்குக் கடல் சூடேறினதும் பெரிய காரணம், 2015 எல் நினோவுக்கு அப்புறம் நிலைமை மோசமாச்சு. குஞ்சு மீனை அள்ளினது இன்னொரு காரணம், அதுக்குத்தான் கேரளா 10 செ.மீ. குறைந்தபட்ச அளவு வச்சது. ரெண்டரை வருஷம்கூட முழுசா வாழாத மீன் அது. ஒரு வருஷக் குஞ்சு தப்பலைன்னா அடுத்த வருஷமே வலையில தெரிஞ்சிடும். 2022-லயும் 2023-லயும் அது லட்சம் டன்னுக்கு மேல ஏறினதையும் சேர்த்துச் சொல்லணும். தடை ஒரு மருந்து, எல்லா நோய்க்கும் அதுவே போதும்னு எந்த ஆய்வாளரும் சொல்லலை. ரெண்டு மாசம் தரையை வாராம விடுறதே தரை மீனுக்கும் இறாலுக்கும் மூச்சு. "முட்டை போடுற காலம்"ங்கிறதைப் பேப்பர்க்காரங்க சுருக்கமா எழுதுறாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை பதிவா?

கோடியக்கரையான்
சுருக்கமா எழுதினா பொய் உண்மையாயிடுமா? அந்தச் சுருக்கத்தை வச்சுத்தான் நாட்டுப் படகுக்காரன் தடைக்காலத்துல கரையில கொண்டுவந்து விக்கிற மீனை "பாவ மீன்"னு ஒதுக்குறாங்க. சட்டப்படி போய்ப் பிடிச்சிட்டு வர்றவன் அவன். பைபர் படகுல நாலு பேர் ராத்திரியெல்லாம் கெடந்து கொண்டுவர்ற நாலு கூடை. அதை வாங்குறவன் கொலைகாரனாம். அதுதான் எனக்குக் கொதிக்குது. மார்கழியில சினை மடவையைத் தேடித் தேடி வாங்கி, அந்தச் சினையைத் தனியா வறுத்துத் தின்னுட்டு, சித்திரையில வந்து எங்களுக்குப் பாடம் எடுக்குறாங்க. அப்ப எங்க போச்சு அடுத்த வருஷ மீன்? குமார் சார் மார்கழியில மடவை வாங்குவாரா மாட்டாரா? அதைச் சொல்லச் சொல்லுங்க.

சைதை குமார்
நான் என்ன வாங்குறேன்ங்கிறது உங்களுக்கு எதுக்கு? தனிப்பட்ட முறையில தாக்குறீங்க.

கோடியக்கரையான்
வாங்குறீங்கன்னு புரிஞ்சுது.

நீலக்கரை
சினை மடவைக்கு மார்கழியில தடை வேணும்னு சொல்றீங்களா அண்ணே? அப்படிச் சொன்னா நான் உங்க பக்கம். முகத்துவாரத்துல வலையைக் குறுக்கே கட்டி மொத்தக் கூட்டத்தையும் மறிக்கிறாங்களே, அதை நிறுத்தணும்னு எழுதுங்க.

கோடியக்கரையான்
பேச்சை மாத்தாதீங்க. நான் தடை கேக்க வரலை. எங்க கழியில எங்க எப்ப வலை போடுறதுன்னு ஊர் கூடி முடிவு பண்ணும். பழவேற்காட்டுல பாடுன்னு வச்சு முறை போட்டு இறால் பிடிக்கிறாங்க, எத்தனையோ தலைமுறையா. அதுக்குப் படிச்சவங்க அனுமதி கேக்கலை.

நீலக்கரை
சினை மீனைப் பிடிக்கிறது சித்திரையில தப்புன்னா மார்கழியிலயும் தப்பு. நீங்க கேட்ட கேள்விதான். உங்களுக்குன்னு வரும்போது ஊர் முடிவு. இதுக்குப் பதில் சொல்லுங்க.

கோடியக்கரையான்
போன மழைக்காலத்துல கணவாய் பத்தின இழையில நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லாமப் போனீங்க. அதை முதல்ல முடிங்க. அப்புறம் எனக்குக் கேள்வி வைங்க.

குளச்சல் தம்பி
கணவாய் பேச்சை எடுக்காதீங்க அண்ணே.

கோடியக்கரையான்
ஏன் எடுக்கக் கூடாது? தென்னங்குலைக் கொதும்பைக் கட்டுக் கட்டா கடல்ல இறக்கி, அதுல முட்டை ஒட்ட வர்ற கணவாயைக் கர்நாடகக் கடல்ல பிடிச்சது உங்க பக்கத்து ஆளுங்கதானே? அங்க எத்தனை சண்டை! வந்தது முட்டை போட. பிடிச்சது அந்த நேரத்துல.

குளச்சல் தம்பி
உங்க தாத்தா தழை கட்டிக் கோலா பிடிச்சா அது பாரம்பரியம். எங்காளு குலை கட்டிக் கணவாய் பிடிச்சா அது குற்றம். நல்லா இருக்கு அண்ணே. அதுவும் தூண்டில்ல பிடிக்கிறது, ஒண்ணொண்ணா. உங்க நாகப்பட்டினம் சுருக்குமடி மாதிரி கூட்டத்தோட வளைச்சு அள்ளலை.

கோடியக்கரையான்
சுருக்குமடி எங்க ஊருது இல்ல. நாங்க அதை எதிர்க்கிறவங்க.

காசிமேட்டு மணி
சுருக்குமடியை ஏன்பா இழுக்குறீங்க? 2000-லேயே தமிழ்நாட்டுல தடை போட்டாச்சு. அப்புறம் 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அந்தாண்ட, திங்களும் வியாழனும், காலையில 8 மணிலேருந்து சாயங்காலம் 6 மணி வரைன்னு இடைக்கால அனுமதி குடுத்துச்சு. மீன் என்ன திங்கக்கிழமை பார்த்தா வரும்? 12 மைல் தாண்டிப் போயிட்டு 6 மணிக்குள்ள எப்படித் திரும்புறது?

சைதை குமார்
இப்ப புரியுதா, எந்தக் கட்டுப்பாடு வந்தாலும் உங்களுக்குப் பிடிக்காது. தடை வேண்டாம், நேரம் வேண்டாம், அளவு வேண்டாம்.

காசிமேட்டு மணி
சார், நான் அளவு வேண்டாம்னு எங்க சொன்னேன்? எழுதினதைப் படிங்க.

கோடியக்கரையான்
அவருக்குப் படிக்கிற பழக்கம் இருந்தா "எல்லா மீனும்"னு எழுதியிருக்க மாட்டாரு.

நிர்வாகி
தலைப்பை விட்டு விலக வேண்டாம். சுருக்குமடிக்குத் தனி இழை இருக்கு. தனிநபர் தாக்குதல் தொடர்ந்தா பூட்ட வேண்டி வரும்.

நீலக்கரை
நிர்வாகி, தலைப்புலதான் நிக்கிறேன். கழியிலேருந்து கடலுக்குப் பாயிற சினை மடவையை மறிக்கலாமா கூடாதா? இதுக்குக் கோடியக்கரையான் அண்ணன் பதில் சொல்லணும்.

கோடியக்கரையான்
குமார் சார் முதல்ல தன் வரியைத் திருத்தட்டும்.

சைதை குமார்
திருத்த மாட்டேன். பெரும்பாலான மீன்னு அர்த்தம் வர்ற மாதிரிதான் எழுதியிருக்கேன். புரியிறவங்களுக்குப் புரியும்.

குளச்சல் தம்பி
மணி அண்ணே, 12 மைல் கணக்கு உங்களுக்குக் கஷ்டம்னா எங்க வள்ளத்துக்காரன் கதி என்ன? உங்க படகு கரை பக்கம் வந்து அவன் வலையை அறுத்துக்கிட்டுப் போறதை யார் கேக்குறது?

காசிமேட்டு மணி
எங்க படகு குளச்சலுக்கு எப்ப வந்துச்சு? ஆதாரம் போடு தம்பி.