குரூஸ் கண்ட்ரோலை விட்டு ஸ்பீடு லிமிட்டருக்கு மாறிய கதை

சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே மூன்று ஆண்டுகளாக மாதம் இருமுறை காரில் போய் வருகிறேன். மேனுவல் கியர் கொண்ட இந்தக் காரை வாங்கும்போது குரூஸ் கண்ட்ரோலுக்காகவே கூடுதல் விலை கொடுத்தேன். ஸ்டீயரிங்கில் அதற்கு அடுத்த பொத்தானாக இருந்த ஸ்பீடு லிமிட்டரை முதல் ஓராண்டு நான் தொட்டதே இல்லை. இப்போது நிலைமை தலைகீழ்.

இரண்டையும் ஒன்றெனக் கருதுபவர்கள் உண்டு. குரூஸ் கண்ட்ரோல் நாம் குறித்த வேகத்தைத் தானே பிடித்து ஓட்டும், காலுக்கு ஓய்வு. லிமிட்டரிலோ ஆக்சிலரேட்டரை நாம்தான் மிதிக்க வேண்டும். குறித்த வேகத்தை எட்டியபின் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி அதற்கு மேல் போகாது, மிதியைத் தரைவரை ஓங்கி மிதித்தால் மட்டும் கட்டு விலகிவிடும்.

நான் மாறியதற்கு உளுந்தூர்ப்பேட்டை காரணம். விழுப்புரத்திலிருந்து 95 கி.மீ. வேகத்தில் குரூஸ் கண்ட்ரோலில் வந்துகொண்டிருந்தவன், சாப்பிடுவதற்காகப் பிரேக்கைத் தொட்டுச் சர்வீஸ் சாலையில் இறங்கினேன். பிரேக்கையோ கிளட்சையோ தொட்டால் குரூஸ் விலகிவிடும் என்றாலும், குறித்த 95 நினைவிலேயே இருக்கும். மூன்றாம் கியரில் 50இல் போனபோது பாட்டின் ஒலியைக் குறைப்பதாக நினைத்து, பழைய வேகத்துக்குத் திரும்பச் சொல்லும் 'ரெஸ்' பொத்தானை அழுத்திவிட்டேன். ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமலே வண்டி உறுமிக்கொண்டு முன்னே இழுத்தது. எதிரே பால் கேன்களைக் கட்டிய மொபெட் ஒன்று வந்துகொண்டிருந்தது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் இரண்டு நொடி ஓடிவிட்டது. பிறகுதான் கால் பிரேக்கைத் தேடியது. தவறு முழுவதும் என்னுடையதுதான், ஆனால் கால் மிதியிலேயே இருந்திருந்தால் அந்த இரண்டு நொடி வீணாகியிருக்காது என்ற எண்ணம் திருச்சி வரை என்னை விடவில்லை.

அதன்பின் யோசித்தால், இந்தச் சாலையில் குரூஸ் கண்ட்ரோலுக்கு வேலையே குறைவு என்று தோன்றியது. நடுத்திட்டு இடைவெளியில் திடீரென்று திரும்பும் டிராக்டர், எதிர்த்திசையில் ஓரமாக வரும் இரு சக்கர வாகனம், வலப்பக்கத் தடத்தை விடாத லாரி, பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று வரிசையாக வரும் டோல்கேட்டுகள் ஆகியவற்றுக்கு நடுவே அதைப் போடுவதும் எடுப்பதுமாகவே இருந்திருக்கிறேன். லிமிட்டரை 80இல் வைத்துவிட்டால் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை; கண் சாலையில் இருக்கும், காலும் விழித்திருக்கும். 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் விடாமலும் எச்சரிக்கை ஒலிக்கும் அல்லவா? பின்னிருக்கையில் வரும் என் அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. லிமிட்டர் புண்ணியத்தில் இப்போது மேல்மருவத்தூர் வருவதற்குள் தூங்கிவிடுகிறார்.

குரூஸ் கண்ட்ரோலை அடியோடு விட்டுவிடவில்லை. விடியற்காலையில் வெறிச்சோடிய நீண்ட பகுதிகளில் இன்றும் பயன்படுத்துகிறேன். மழையில் மட்டும் ஒருபோதும் இல்லை. தேங்கிய நீரில் டயர் பிடிப்பை இழக்கும் நேரத்தில், வேகத்தைக் காப்பதற்காக எஞ்சின் தள்ளிக்கொண்டிருப்பதை நான் விரும்பமாட்டேன்.

*

ஐயா, உங்கள் அனுபவத்தோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிமிட்டர் மீது எனக்கும் இதே நம்பிக்கை இருந்தது, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்வரை. லிமிட்டரை 40இல் வைத்து நான்காம் கியரில் இறங்கினேன். வண்டி 40, 46, 52 என்று ஏறிக்கொண்டே போக, மீட்டரில் எண் மின்னி எச்சரிக்கை ஒலித்ததே தவிர வேகம் குறையவில்லை. என் காரில் உள்ளது எஞ்சின் தரும் விசையை மட்டுமே கட்டுப்படுத்தும், பிரேக் போடாது என்பதும், சரிவில் வண்டியை இழுப்பது எஞ்சின் அல்ல, அதன் எடைதான் என்பதும் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால்தான் உறைத்தது. இரண்டாம் கியருக்கு மாற்றியபின்தான் மூச்சு வந்தது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வதை அன்று முதல் மீறியதில்லை. மலையில் லிமிட்டரை அணைத்துவிடுகிறேன்.