முதல் சர்ப்ளஸ் ரைபிள்: மோசின் வாங்கலாமா, இஷாப்பூர் 2ஏ1 வாங்கலாமா?

சேலத்தான்_டெக்சாஸ்:

வணக்கம் நண்பர்களே. டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்த பிறகு ஆபீஸ் நண்பர் ஒருவரோடு ரேஞ்சுக்குப் போய் .22 ரைபிளில் சுட்டுப் பழகினேன், கை ஓரளவு நிதானத்துக்கு வந்திருக்கிறது. இப்போது சொந்தமாக ஒரு சர்ப்ளஸ் ரைபிள், அதாவது ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைபிள், வாங்கலாம் என்று இருக்கிறேன். வேட்டைக்கெல்லாம் போகப் போவதில்லை. வரலாறு பிடிக்கும், அவ்வளவுதான். ஏதோ ஒரு நாட்டுச் சிப்பாய் தோளில் சுமந்த மரமும் இரும்பும், அதை 100 கஜத்தில் காகித டார்கெட் மேல் சுட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கடையில் இரண்டு இருக்கிறது. ஒன்று ரஷ்ய மோசின் நாகந்த் 91/30, 1942இல் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்தது, ஸ்டாக் முழுக்கச் சிவப்பாக அரக்கு வார்னிஷ். இன்னொன்று நம் இந்திய இஷாப்பூர் 2ஏ1, 1967 என்று பொறித்திருக்கிறது. அதைக் கையில் எடுத்ததும், ஊரில் ஸ்டேஷன் வாசலில் பாரா நிற்கும் கான்ஸ்டபிள் கையில் பார்த்த அதே வடிவம், மனசு அங்கேயே நின்றுவிட்டது. விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எதை எடுப்பது? நல்ல நிலையில் இருக்கிறதா என்று கடையில் நின்றபடியே எப்படிப் பார்ப்பது? பழைய ராணுவத் தோட்டா சுட்டால் குழல் துருப்பிடிக்கும் என்கிறார்களே, அது எவ்வளவு நிஜம்? வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான், அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கருவேலம்:

தம்பி, இஷாப்பூரை எடுங்கள். தோட்டாவுக்காகத்தான் சொல்கிறேன். 2ஏ1 சுடுவது 7.62×51 நேட்டோ, இன்றும் புதிதாகத் தயாராகிறது, கடையில் தேடி அலைய வேண்டாம். மோசினுக்கு வேண்டிய 7.62×54ஆர் ஒரு காலத்தில் 440 தோட்டா அடைத்த தகர டப்பாவாக மலிவாகக் கிடைத்தது. அந்தச் சரக்கு வற்றிவிட்டது, 2021இல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி தருவதையும் அமெரிக்க அரசு நிறுத்தியது. ரைபிள் ஒரு தடவை செலவு, தோட்டா வாழ்நாள் செலவு.

இன்னொன்று, பலர் 2ஏ1-ஐப் பழைய .303-இல் (த்ரீ நாட் த்ரீ ரைபிள்) குழலை மட்டும் மாற்றியது என்று நினைத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் ஆலையில், பழைய பிரிட்டிஷ் .303 லீ என்ஃபீல்டான எஸ்எம்எல்இ மார்க் 3 வடிவத்தை வைத்துக்கொண்டு, நேட்டோ தோட்டாவின் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் உறுதியான எஃகில் புதிதாகச் செய்த ரைபிள் இது. .303-இன் மாகசின் 10 தோட்டா, இதில் 12, பெட்டியும் சதுரமாக இருக்கும். முதலில் வந்த 2ஏ-வின் பின் சைட் 2000 வரை போகும், யாரும் அவ்வளவு தூரம் சுடப்போவதில்லை என்று 2ஏ1-இல் 800 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். .303 தோட்டாவுக்குப் பின்புறம் விளிம்பு உண்டு, மாகசினில் வரிசை தவறி வைத்தால் ஒன்றன் விளிம்பு இன்னொன்றில் மாட்டி மேலே வராது, 7.62-க்கு அந்த விளிம்பு இல்லை என்பதால் புதிதாகப் பழகுபவருக்கு நிம்மதி. நீங்கள் ஊரில் பார்த்தது த்ரீ நாட் த்ரீயாகத்தான் இருக்கும், வெளித்தோற்றம் ஒன்றுதான். அந்த ரைபிள் எவ்வளவு காலம் உழைத்தது பாருங்கள், உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் அதற்கு விடை கொடுத்தது.

இனி கடையில் பார்க்க வேண்டியது. சின்ன டார்ச் ஒன்று கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கழற்றி, பின்னாலிருந்து குழலுக்குள் பாருங்கள். பளபளக்க வேண்டியதில்லை, கறுப்பாக இருந்தாலும் குண்டைச் சுழற்றிவிடும் ரைஃப்லிங் வரிகள் வாய் வரைக்கும் கூர்மையாக ஓடினால் சுடும். எல்லோரும் உள்ளே பார்த்துவிட்டு வாய்ப்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். பல சேனைகளில் சுத்தம் செய்யும் கம்பியையோ கயிற்றையோ அந்தப் பக்கமாகவே விட்டு இழுத்ததால் தேய்வது அங்கேதான், குறி சிதறுவதும் அதனால்தான். அப்புறம் போல்ட் கைப்பிடியில் இருக்கும் எண்ணும் பாடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா பாருங்கள். லீ என்ஃபீல்டில் ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்த ரைபிளுக்கென்று பொருத்தியிருப்பார்கள், எண் மாறியிருந்தால் ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும், குழலின் பின்பக்கத் தோட்டா அறையில் தோட்டா நின்று பதியும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளக்காமல் ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது. எண் பொருந்தினாலும் ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்து அளந்துவிடுவதே நல்லது, அது பெரிய செலவு கிடையாது.

மரத்தில், ட்ரிகருக்கு முன்னால் முன்மரம் பாடியோடு சேரும் இடத்தில் கீறல் இருக்கிறதா பாருங்கள், உதை முழுக்க விழுவது அந்த இடத்தில்தான். முன்மரத்தைச் சுற்றிச் செம்புக்கம்பி கட்டியிருந்தால் அது கிரெனேட் வீச ஒதுக்கிய ரைபிள், தொடவே வேண்டாம். டிபி என்று முத்திரை இருந்தால் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று பொருள், அதில் சுடக்கூடாது.

மிச்சிகன்_மணி:

கருவேலம் அண்ணன் சொன்ன தோட்டாக் கணக்கு சரி. ஆனால் மோசினை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிட மனசு வரவில்லை. 1942 இஷெவ்ஸ்க் என்றால் சண்டை உச்சத்தில் இருந்த நேரம், எண்ணிக்கைதான் முக்கியம் என்று மேல்பூச்சை விட்டுவிட்டார்கள், பாடியில் கடைசல் தடம் அப்படியே தெரியும். அந்த முரட்டுத்தனமே ஒரு சாட்சியம், வேறு எந்த ரைபிளிலும் எனக்கு அந்த உணர்வு வந்ததில்லை. செர்பியாவின் பிரவி பார்ட்டிசான், செக் நாட்டின் செல்லியர் அண்ட் பெல்லோ இரண்டும் 54ஆர் புதிதாகச் செய்கின்றன, கொஞ்சம் விலைதான், ஆனால் துருப்பிடிக்கவிடும் உப்பு அதில் கிடையாது.

துரு விஷயம் நிஜம். பழைய ராணுவத் தோட்டாவின் ப்ரைமரில் (அடியில் முதலில் பற்றும் சின்ன மருந்து) பொட்டாசியம் குளோரேட் இருக்கும், வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படிந்துவிடும். சமையல் உப்புக்குச் சொந்தக்காரப் பொருள், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும், உங்கள் டெக்சாஸ் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி போதும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, மேலே மூடித்தான் வைக்கும். தண்ணீர்தான் கரைக்கும். ரேஞ்சிலிருந்து வந்த அன்றே நல்ல சுடுதண்ணீரை அறைப்பக்கத்திலிருந்து குழலில் ஊற்றி விடுங்கள், போல்ட் முகத்தையும் ஃபயரிங் பின்னையும் கழுவுங்கள், சூட்டில் அதுவே காய்ந்துவிடும், பிறகு வழக்கம்போல சால்வென்ட், கடைசியாக எண்ணெய். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம்தான் வேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், அதில் வேலை செய்வது தண்ணீர்தான். எந்த நாட்டுச் சர்ப்ளஸ் ஆனாலும், டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும், கழுவிவிடுவதில் நஷ்டம் இல்லை.

மோசின் எடுத்தால் இன்னும் இரண்டு விஷயம். போல்ட் இறுகிக்கொண்டு திறக்கவில்லை என்று எல்லோரும் புலம்புவார்கள், பெரும்பாலும் காரணம் அறைக்குள் பல வருடமாக உறைந்து கிடக்கும் காஸ்மோலின், அதாவது துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸ்தான். மினரல் ஸ்பிரிட்டும் 20 கேஜ் ஷாட்கன் பிரஷும் போட்டு நன்றாகத் தேய்த்தால் பாதி ரைபிள்கள் சரியாகிவிடும். சோவியத் ராணுவம் பயனெட்டை மாட்டியே சைட் சரிபார்த்தது, பயனெட் இல்லாமல் சுட்டால் குறி விலகும், ரைபிள் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள்.

வைகைக்கரை:

ரைபிள் தேர்வு பற்றி இவர்கள் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டம் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் நம் ஆட்களில் பாதிப் பேர் எச்1பி-யில் இருப்பார்கள். கிரீன் கார்டுக்காரர் கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து வாங்கலாம், சிக்கல் இல்லை. ஆனால் எச்1பி, எஃப்1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் சேர்த்துத்தான். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. அதை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள், விசாவே போய்விடும் விஷயம் இது. நண்பர் கூப்பிட்டார் என்று சும்மா போய்விடாதீர்கள்.

சேலத்தான், இந்தப் பொழுதுபோக்கு பிடித்துப்போய் அடுத்தடுத்து வாங்குவதாக இருந்தால் சி அண்ட் ஆர் (பழைய துப்பாக்கி சேகரிப்பவருக்கான) லைசென்ஸ் போடுங்கள். 50 வருடம் கடந்த, உருமாற்றாத ரைபிள்கள் அதில் வரும், உங்கள் 1967 இஷாப்பூரும் வரும். மூன்று வருடத்துக்கு 30 டாலர். வாங்குவதையும் விற்பதையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும், அதில் சோம்பல் கூடாது.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். ரைபிள் வீட்டுக்கு வரும் முன்னால் பூட்டும் இரும்பு அலமாரி வீட்டில் இருக்க வேண்டும், இந்த வரிசையை மாற்றாதீர்கள். போல்ட்டைக் கழற்றி ஒரு இடம், தோட்டாவை வேறொரு பூட்டில் இன்னொரு இடம். பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை வைத்திருப்பது டெக்சாஸில் தனிக் குற்றம். அது இருக்கட்டும், சட்டத்துக்காகவா பூட்டப் போகிறோம்.

சேலத்தான்_டெக்சாஸ்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். இஷாப்பூரின் எண்கள் ஒன்றுதான், வரிகள் வாய் வரை தெளிவாக இருக்கின்றன, முன்மரத்தில் கீறல் இல்லை. முன்பணம் கொடுத்துவிட்டேன், அலமாரிக்கும் ஆர்டர் போட்டாயிற்று, அது வந்த பிறகுதான் ரைபிளை எடுத்து வருவேன். கடைக்காரர் .308 வின்செஸ்டரும் இதுவும் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் போடலாம் என்கிறார். சரியா? ஸ்டாக் வறண்டு கிடக்கிறது, உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடிக்கலாமா?

கருவேலம்:

அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான் தம்பி, ஆனால் ஒன்றாக நினைக்காதீர்கள். ராணுவ ரைபிளின் அறை சற்றே நீளம், நேட்டோ தோட்டாவின் பித்தளைக் கூடு அதற்கேற்பத் தடிமனாக இருக்கும். கடையில் விற்கும் வேட்டை .308-இல் பித்தளை மெல்லியதாக இருக்கலாம், அழுத்தமும் கூடுதலாக இருக்கலாம். லீ என்ஃபீல்ட் போல்ட்டின் பூட்டு பின்பக்கத்தில் இருப்பதால், வேகமான தோட்டாவை அதில் தொடர்ந்து போடுவது நியாயமில்லை. 147 கிரெய்ன் (குண்டின் எடை) எம்80 பால் என்று டப்பாவில் இருப்பதை, அதாவது வழக்கமான நேட்டோ ராணுவத் தோட்டாவை, வாங்குங்கள், அந்த ரைபிள் சாப்பிடப் பிறந்தது அதைத்தான். இன்னொன்று, ரேஞ்சில் சிலர் காந்தம் வைத்துப் பார்த்து இரும்பு கலந்த குண்டைத் திருப்பி அனுப்புவார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உப்புத்தாள் கூடவே கூடாது. மரத்தில் இருக்கும் ஆலை முத்திரைகளும் அடிபட்ட தழும்புகளும்தான் அதன் சரித்திரம், தேய்த்துவிட்டால் திரும்ப வராது, மதிப்பும் பாதியாகிவிடும். மினரல் ஸ்பிரிட் நனைத்த துணியால் அழுக்கை எடுத்துவிட்டு, பாய்ல்டு லின்சீட் எண்ணெயைக் கையால் மெல்லிசாகத் தேய்த்து விடுங்கள், ஊறட்டும், மறுநாள் இன்னொரு முறை. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டு அல்லது தண்ணீரில் முக்கி எறியுங்கள்.

முதல் நாள் 50 கஜத்தில் ஆரம்பியுங்கள், மாகசினை நிரப்பாமல் ஒவ்வொன்றாகப் போடுங்கள். தோளில் படும் பட்பிளேட் பித்தளை, உதை தெரியும், தோளோடு இறுக்கிப் பிடித்தால் வலி குறையும், தளர்வாகப் பிடித்தால்தான் அடிக்கும். இந்த ரைபிளில் போல்ட்டை முன்னால் தள்ளும்போதுதான் ஸ்ப்ரிங் ஏறும், அதனால் கடைசியில் கொஞ்சம் முட்டும், தயங்காமல் தள்ளுங்கள். ட்ரிகர் இரண்டு கட்டம், முதல் கட்டம் லேசாக வந்து ஒரு இடத்தில் நிற்கும், அங்கே மூச்சை நிறுத்தி மெதுவாக அழுத்துங்கள். காதுக்குள் ஃபோம், அதற்கு மேல் மஃப், இரண்டும் வேண்டும், கண்ணாடியும் வேண்டும். க்ளிக் என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால் குழல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், முப்பது வினாடியாவது பொறுத்துப் பிறகு போல்ட்டைத் திறங்கள். டுப் என்று மெல்லிய சத்தம் வந்து உதை இல்லாமல் போனால் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள், குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம், போல்ட்டைக் கழற்றி வெளிச்சம் தெரிகிறதா பார்த்த பிறகுதான் மேலே.

சுட்டுத் தள்ளிய முதல் சில பித்தளைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் நிறுத்திவிட்டு கன்ஸ்மித்திடம் காட்டுங்கள், இல்லையென்றால் தொடரலாம்.