பழைய டீசல் பிக்கப்: மேடு ஏறும்போது இழுவை குறைகிறது

கேள்வி:
மெக்கானிக்கல் பம்ப் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்ப்) கொண்ட என் 1998ஆம் ஆண்டு பிக்கப், இரவு முழுவதும் நின்றபின் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது; சுமையுடன் மேடு ஏறினால் இழுவை குறைந்து சில சமயம் நின்றும் விடுகிறது. ஃபில்டரை மாற்றியும் பயனில்லை. வெளியே எங்கும் டீசல் கசியவில்லை. மெக்கானிக் பம்பைக் கழற்ற வேண்டும் என்கிறார். அதற்கு முன் சோதிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில் 1:
பம்பில் இப்போது கை வைக்காதீர்கள், ஐயா. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறு பம்ப்) வரையிலான குழாயில் டீசல் உறிஞ்சப்படுவதால், அங்குள்ள சிறு விரிசல் வண்டி ஓடும்போது டீசலை வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கும்; ஆகவே, கசிவு தெரியவில்லை என்பதால் குழாய் நன்றாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. வண்டி நிற்கும்போது அதே வழியாகக் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடுவதால்தான் காலையில் கிளம்பத் தாமதமாகிறது. ஃபீட் பம்புக்கு முன் ஓரடி நீளத்துக்கு, டீசலைத் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி போன்ற குழாயைப் பொருத்தி இன்ஜினை ஓடவிடுங்கள். குமிழிகள் தொடர்ந்து வந்தால் ரப்பர் குழாய்களையும், கிளிப்புகளையும், பேஞ்சோ போல்ட்டின் (குழாயை இணைக்கும், நடுவே துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர்களையும் மாற்றுங்கள். பழைய வாஷரையே திரும்பப் போடுவது பல பட்டறைகளின் பொல்லாத சிக்கனம்.

பதில் 2:
குமிழி வராவிட்டால் அடைப்பைத் தேடுங்கள். வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறக்கையில் காற்று உள்ளே பாயும் ஓசை கேட்டால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. இல்லையெனில், டேங்கினுள் இருக்கும் வலையைத் துரு மூடியிருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
குமிழிகள் வருகின்றன, சேஸிஸ் கிளாம்ப்புக்கு அடியில் ரப்பர் குழாய் விரிசல் விட்டிருக்கிறது. மாற்றியபின் காற்றை எவ்வாறு வெளியேற்றுவது?

பதில் 1:
ஃபில்டரின் மேலுள்ள பிளீடு ஸ்குரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) தளர்த்தி, நுரையில்லாத டீசல் வரும்வரை கைப்பம்பை அழுத்துங்கள். அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஸ்குரூவை இறுக்குங்கள்.